அண்ணாச்சியின் கம்பியில்லா வைத்தியம்

தி. நகர் ரங்கநாதன் தெருவில் நடக்க வேண்டியதில்லை. கூட்டமே ஆளைத் தூக்கிக்கொண்டுபோய் எங்கேயாவது சேர்த்துவிடும். அப்படிச் சேர்க்கும் ஒரு பக்கச் சந்தில் சண்முகசுந்தரம் அண்ணாச்சியின் உள்ளாடைக் கடை இருக்கிறது. பெண்களுக்கானது மட்டும். வாசலில் வரிசையாகப் பிளாஸ்டிக் உடம்புகள் நிற்கும். தலை கிடையாது, கை கிடையாது, இடுப்புக்குக் கீழேயும் ஒன்றும் கிடையாது. பெண்கள் விஷயத்தில் அண்ணாச்சிக்கு அவ்வளவு போதும்.

அவரிடம் ஒரு வித்தை உண்டு. கல்லாவில் உட்கார்ந்தபடியே, படியேறி வரும் பெண்ணை அரைப் பார்வை பார்த்துவிட்டு, "முப்பத்தாறு பி, ரெண்டாவது ராக்கு" என்று உள்ளே குரல் கொடுப்பார். துப்பட்டா, சால்வை, பர்தா, மழைக்கோட்டு எதுவும் அவருக்குக் குறுக்கே நின்றதில்லை. வந்த பெண் வாயைத் திறக்குமுன் டப்பா மேஜைக்கு வந்துவிடும். தப்பியதே இல்லை. வியாபாரிகள் சங்கத்தில் இதைப் பற்றிப் பேச்சு வந்தால், பெரிய வித்வானைப் பற்றிப் பேசுவதுபோல் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். "ஞானம்வே அது. கூடவே பொறக்கணும்" என்பார்கள்.

உடன்குடிப் பக்கம் பத்தாம் வகுப்பில் கோட்டைவிட்டு, தாய்மாமன் கடையில் பொட்டலம் கட்டச் சென்னை வந்தவர் அண்ணாச்சி. மாமன் பிறகு கடையையும் மகளையும் சேர்த்தே கொடுத்தார். மகள் பெயர் சண்முகவடிவு. இரண்டு வீட்டாரும் திருச்செந்தூருக்கு நேர்ந்துகொண்டவர்கள் என்பதால் வேறு பெயருக்கு இடமிருக்கவில்லை. அவர்களுக்குப் பிறந்தவள் ஷண்முகப்ரியா. முதலெழுத்தில் வந்து உட்கார்ந்த அந்த 'ஷ', குடும்பம் முழுமையாகப் பட்டணத்துக்கு வந்துவிட்டதன் அத்தாட்சி.

இத்தனை வருட வியாபாரத்தில் அண்ணாச்சி ஒரு சொல்லை மட்டும் உச்சரித்ததில்லை. கடையில் 'பீஸ்' என்பார், 'ஐட்டம்' என்பார். வீட்டில் 'அது'. தான் விற்கும் சரக்கு உடம்பில் எங்கே போய் உட்காருகிறது என்பதை ஒருமுறைகூட வாய்விட்டுச் சொல்லாமலேயே மேற்கு மாம்பலத்தில் மூன்று மாடி வீடு கட்டி முடித்துவிட்டார். அதைக் கண்ணியம் என்று அவரும் நினைத்தார், ஊரும் நினைத்தது.

ஓர் ஆடிச் செவ்வாய். தள்ளுபடி விற்பனை முட்டி மோதுகிற நேரம். மதியம் சாப்பிட வந்த அண்ணாச்சிக்கு வடிவு சோறு போட்டாள்.

"அத்தான், ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு. ரசம் ஊத்து."

"காலையில மஞ்சள் தேய்ச்சுக் குளிக்கையில கையில ஏதோ தட்டுப்பட்டுது. கட்டி மாதிரி. புளியங்கொட்டை தண்டி இருக்கு."

"எங்க?"

"இங்க." வடிவு சேலைத் தலைப்பின் மேல் கையை வைத்தாள்.

அண்ணாச்சி சட்டென்று ரசத்தைப் பார்த்தார். ஊர்ப் பெண்களையெல்லாம் மழைக்கோட்டுக்குள் அளந்தவர், சொந்தப் பெண்டாட்டி கைவைத்துக் காட்டியதும் ரசத்தில் மிதந்த கொத்தமல்லித் தழையை அளந்துகொண்டிருந்தார்.

"வலிக்கா?"

"வலிக்கல."

"வலிக்கலைன்னா பொறவு என்னளா? வலிச்சா சொல்லு, பாப்போம்."

பல நேரங்களில் வலிக்காத கட்டிதான் வில்லங்கமானது. இது அண்ணாச்சிக்குத் தெரியாது. தெரியாதது குற்றமில்லை. தெரியாது என்பதே தெரியாமல், ஏப்பம் விட்டுக்கொண்டே தீர்ப்புச் சொன்னாரே, அதுதான் அவருடைய தனித்திறமை.

மறுநாள் கடையிலிருந்து ஒரு டப்பாவோடு வந்தார்.

"யோசிச்சுப் பாத்தேன். நீ கம்பி வச்ச மாடல் போடுத. கம்பி அமுக்கி ரத்தம் கட்டிக்கிட்டு. இது ப்யூர் காட்டன், கம்பியே கிடையாது. டாக்டர்மாரே இதத்தான் சொல்லுதான்."

"எந்த டாக்டரு?"

"கம்பெனி டாக்டரு."

டப்பாவின் மேல் ஓர் இளம்பெண் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள். டாக்டர் அவளாகத்தான் இருக்க வேண்டும்.

வைத்தியம் இப்படித் தொடங்கியது. ஆவணியில் ஒரு சைஸ் பெரிதாகக் கொடுத்துப் பார்த்தார். புரட்டாசி பிறந்ததும் முன்பக்கம் கொக்கி வைத்தது. பிறகு ஓட்டப்பந்தயக்காரிகள் போடுகிற எலாஸ்டிக் வகை. கையைப் பிடித்து நாடி பார்க்கும் பாவனையில் வாரத்துக்கு ஒருமுறை விசாரிப்பார்.

"எப்படி இருக்கு?"

"அப்படியேதான் இருக்கு."

"புது மாடல்லா, செட் ஆகணும்."

மாடல்கள் எல்லாம் செட் ஆயின. கட்டி மட்டும் எதற்கும் கட்டுப்படாமல் நெல்லிக்காய் அளவுக்கு வந்தது. "ஒரு டாக்டரப் பாத்தா என்ன?" என்று வடிவு கேட்டபோதெல்லாம் அண்ணாச்சியிடம் சங்கத்து நண்பர்கள் சொல்லிக்கொடுத்த பதில்கள் தயாராக இருந்தன. பால் கொடுத்தவளுக்கு அந்த வியாதி வராது. நம்ம பக்கத்துப் பொம்பளைகளுக்கு வராது, பம்பாய்க்காரிகளுக்குத்தான் வரும். அப்படியே வந்தாலும் ஊசி குத்திச் சோதித்தால் உடம்பெல்லாம் பரவிவிடும். வராது, வந்தாலும் சோதிக்கக்கூடாது. இப்படி இரண்டு பக்கமும் தாழ்ப்பாள் போட்ட பிறகு டாக்டர் எந்த வழியாக உள்ளே வருவார்?

அக்டோபரில் சங்கத்துக்கு ஞானோதயம் பிறந்தது. எல்லாச் சங்கங்களும் ரோஸ் நிறச் சட்டை போட்டு நடக்கின்றன, நாமும் நடக்க வேண்டும். இடம் பெசன்ட் நகர் கடற்கரை. பொருளாளர் என்ற முறையில் சட்டையும் பேனரும் அண்ணாச்சி பொறுப்பு. பேனர்க்காரன் கொண்டுவந்த மாதிரியில் 'மார்பகப் புற்றுநோய் விழிப்புணர்வு' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. அண்ணாச்சிக்கு முகம் சிவந்துவிட்டது.

"ஏம்ப்பா, குடும்பம் குட்டியோட வர்ற பீச்சு. இப்படியா பச்சையா போடுவ?"

முதல் சொல்லை எடுத்தார்கள். 'புற்றுநோய்' என்பது அபசகுனமாக இருக்கிறது என்று தலைவர் சொன்னதால் அதுவும் போயிற்று. கடைசியில் பேனரில் எஞ்சியது: 'பெண்கள் விழிப்புணர்வு நடைப்பயணம்.' எதைப் பற்றிய விழிப்புணர்வு என்பதை நடப்பவர்களும் பார்ப்பவர்களும் அவரவர் கற்பனையில் நிரப்பிக்கொள்ளலாம். ஞாயிறு காலை, தொப்பை தொப்பையாக ரோஸ் சட்டைகள் மணலோரம் நகர்ந்தன. கடலில் குளித்துவிட்டு வந்த ஓர் ஆள் அண்ணாச்சியை நிறுத்தினான்.

"இன்னா நைனா, இன்னாத்துக்கு இந்த வாக்கிங்கு?"

"லேடீஸுக்காகப்பா."

"லேடீஸ் ஒருத்தரையும் காணோமே?"

"அவங்க வீட்ல டிபன் வேலையா இருக்காங்க."

"சர்தான். அவங்களுக்காக நீங்க நடக்குறீங்க, உங்களுக்காக அவங்க மாவு அரைச்சிக்கினு கீறாங்க. நடங்க, நடங்க."

முடிவில் ஒரு டாக்டரம்மா பேசினார். கட்டி தென்பட்டால் ஒரு வாரம்கூடத் தள்ளிப்போடாதீர்கள், வலிக்கவில்லை என்று சும்மா இருக்காதீர்கள், வீட்டில் சொன்னால் காது கொடுத்துக் கேளுங்கள் என்றார். இட்லி ஆறிக்கொண்டிருந்ததால் அண்ணாச்சி மேடையேறி அவருக்குப் பொன்னாடை போர்த்தினார். பொன்னாடை போர்த்திய பிறகு நம் ஊரில் யாரும் பேச முடியாது.

வீட்டுக்கு வந்ததும் வடிவு கேட்டாள். "அந்த டாக்டரம்மா என்ன சொன்னாவ?"

"கட்டி கிட்டி இருந்தா ஒடனே காட்டணும்னு சொன்னாவ."

"எனக்குத்தான் இருக்கே?"

"அது பொதுவா சொன்னதுளா."

வடிவு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். வேறு வழியில்லாமல் அண்ணாச்சி உண்மையான காரணத்தை வெளியே எடுத்தார்.

"பிரியாவுக்கு இடம் முடிஞ்சிருக்கு. தையில நிச்சயதார்த்தம். இப்பப் போயி ஆஸ்பத்திரி, ஸ்கேனுன்னு அலைஞ்சு, ஏதாவது ஒண்ணுன்னு சொல்லிட்டான்னா? பரம்பரை வியாதி, பொண்ணுக்கும் வரும்னு மாப்பிள்ளை வீட்ல எந்திரிச்சுப் போயிர மாட்டாவளா? அருணகிரி அண்ணாச்சி எவ்வளவு கறார் பார்ட்டி. தை பொறக்கட்டும்."

மாப்பிள்ளை ராகேஷ். அப்பா அருணகிரிக்கு நகைக்கடை, ஆழ்வார்பேட்டையில் வீடு. இந்தச் சம்பந்தத்துக்காக அண்ணாச்சி இரண்டு வருடம் பின்னால் அலைந்திருந்தார். வடிவுக்கும் மகள் என்றதும் வாய் அடைத்துப்போயிற்று. அம்மாக்களின் வாயை அடைக்க எந்தக் கயிற்றை இழுக்க வேண்டும் என்பது, வேறெதுவும் தெரியாத ஆண்களுக்கும் தெரிந்திருக்கிறது.

தீபாவளிக் கூட்டம். கல்லாவில் வடிவை உட்கார வைத்துவிட்டு அண்ணாச்சி வாசல் பக்கம் நின்றார். பர்தா போட்ட ஒரு பெண் படியேறினாள். அரைப் பார்வை. "முப்பத்தெட்டு சி எடு!"

அந்தப் பெண், ஜஹீதா, நேரே அவரிடம் வந்தாள். "சைஸ் கரெக்ட்தான் அண்ணாச்சி. ஆனா ஒரு பக்கத்துக்குத்தான். இன்னொரு பக்கம் கேன்சர் வந்து எடுத்தாச்சு. உள்ள பேடு வச்சிக்கிற மாதிரி பை தச்சது இருக்குமே, அது வேணும்."

குரலைத் தாழ்த்தவே இல்லை. வெங்காயம் கேட்பதுபோலக் கேட்டாள். அண்ணாச்சிக்குக் கண்ணை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

"அதெல்லாம் நம்மகிட்ட வர்றதில்லம்மா. இது ஃபேமிலி கடை."

"நானும் ஃபேமிலிதாங்க. மூணு பசங்க இருக்காங்க."

அண்ணாச்சிக்கு அந்த நிமிடமே மாடி கோடவுனில் தலைபோகிற வேலை நினைவுக்கு வந்துவிட்டது. படிகளில் ஏறியவர், பிறகு நெடுநேரம் இறங்கவில்லை.

வடிவு கல்லாவுக்குப் பின்னால் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டாள். "உக்காருங்கக்கா. உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"குளிக்கும்போது. வலியே இல்ல, தெரியுமா? அதான் ஏமாத்திடுச்சு."

"ஊசி குத்திப் பாத்தா பரவிரும்னு சொல்லுதாவளே?"

"எங்க வூட்டுக்காரரும் அதான் சொன்னாரு. எவன் சொன்னான்னு கேட்டேன். டீக்கடைல சொன்னாங்களாம்! டாக்டர்கிட்ட கேட்டா சிரிக்கிறாரு. ஊசியால பரவாதும்மா, நீ சும்மா உக்காந்துக்கினு இருந்தாதான் பரவும்னாரு." ஜஹீதா வெளியே கையைக் காட்டினாள். "தோ, கரும்பு ஜூஸ் கடைகிட்ட முதுகக் காட்டிக்கினு நிக்கிறாரே, அவருதான். அப்துல் வஹீத். உங்க கடை போர்டைப் படிச்சாலே வேர்த்துக் கொட்டுது அவருக்கு. நான் கேன்சரையே பாத்துட்டேன், அவரால ஒரு பிராவைப் பாக்க முடியல."

வடிவு சிரித்துவிட்டாள். சிரித்த வேகத்தில் கண் நிறைந்துவிட்டது. ஜஹீதா அதைப் பார்த்தாள்.

"உங்களுக்கும் இருக்கா?"

வடிவு தலையை ஆட்டினாள்.

"எப்பலேர்ந்து?"

"ஆடியில பாத்தேன்."

ஜஹீதா ஸ்டூலை வடிவின் பக்கம் நெருக்கிப் போட்டுக்கொண்டாள். பிறகு வடிவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "நாளைக்கே கெளம்புங்க. தீபாவளி வருஷா வருஷம் வரும்."

மேலே அண்ணாச்சி காலி டப்பாக்களை ஓர் ஓரத்திலிருந்து இன்னோர் ஓரத்துக்கு மாற்றிக்கொண்டிருந்தார். கீழே வஹீத் பாய் இன்னொரு ஜூஸ் சொன்னார். இரண்டு ஆண்களும் அவரவர் இடத்தில் பத்திரமாக இருந்தார்கள்.

மறுநாள் காலை வடிவு தலைசீவி, நல்ல சேலை ஒன்று கட்டி, ஆட்டோவைக் கூப்பிட்டாள்.

"எங்களா போற? கடையில கூட்டம்!"

"கல்லாவுல பிரியா உக்காருவா. நான் அடையாறு ஆஸ்பத்திரிக்குப் போறேன்."

"தைன்னு சொன்னேன்லா?"

"உங்க தைக்கு நான் இருக்கணும்லா அத்தான்?"

ஆட்டோ போய்விட்டது. அண்ணாச்சி ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு பின்னாலேயே விரட்டினார். பெண்டாட்டிக்கு என்ன ஆகுமோ என்ற பதைப்பு என்று நினைத்துவிட வேண்டாம். ஊசி போடுவதற்குள் போய்த் தடுக்க வேண்டும் என்ற அவசரம்.

அவர் போய்ச் சேர்ந்தபோது வடிவு உள்ளே உடை மாற்றப் போயிருந்தாள். ஜெயலக்ஷ்மி என்ற நர்ஸ் அவரைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்கதான் அவங்க வீட்டுக்காரரா? கட்டி எந்தப் பக்கம் சார்?"

அண்ணாச்சி திடுக்கிட்டார். இந்தக் கேள்வி அவருக்கு இதுவரை தோன்றியதே இல்லை. "வலது பக்கம்" என்றார், ராக்கு நம்பர் சொல்லும் அதே கம்பீரத்தோடு.

"இடது" என்றபடி வடிவு வந்து நின்றாள்.

"எவ்ளோ நாளா இருக்கு?"

"இப்பத்தாம்மா, ஒரு வாரமா..." என்று அண்ணாச்சி தொடங்கினார்.

"ஆடியிலேர்ந்து" என்றாள் வடிவு.

நர்ஸ் அண்ணாச்சியை மேலும் கீழும் பார்த்தாள். "சார், நீங்க வெளிய உக்காருங்க."

"உள்ள டாக்டர் ஆம்பளையா? லேடி டாக்டர் கிடையாதா? நாலு பேரு பாக்குற மாதிரி..."

"சாருக்கு என்ன தொழில்?"

அண்ணாச்சி நாலு பக்கமும் பார்த்துக்கொண்டார். "ஜவுளி."

அவர் தடுப்பதற்கு ஒன்றும் மிச்சமிருக்கவில்லை. ஊசி போட்டார்கள், சதை எடுத்தார்கள், சோதனைக்கு அனுப்பினார்கள். தீபாவளி முடிந்து முடிவு வந்தது. புற்றுநோய்தான். அக்குளில் நெறி கட்டிய இடத்துக்கும் போயிருந்தது. குணப்படுத்தலாம், ஆனால் முதலில் மருந்து ஏற்ற வேண்டும், பிறகு அந்தப் பக்கத்தை முழுமையாக எடுக்க வேண்டும், ஆடியிலேயே வந்திருந்தால் கட்டியை மட்டும் எடுத்து முடித்திருக்கக்கூடும் என்றார் டாக்டர். வடிவும் ப்ரியாவும் ஒருவர் கையை ஒருவர் இறுக்கிப் பிடித்துக் கேட்டார்கள். ப்ரியா அன்றைக்குத்தான் எல்லாவற்றையும் தெரிந்துகொண்டிருந்தாள். அப்பாவின் பக்கம் அவள் திரும்பவே இல்லை. அண்ணாச்சிக்கும் ஒரு சந்தேகம் இருந்தது.

"டாக்டர், முடி கொட்டுமா? தையில ஒரு நிச்சயதார்த்தம் இருக்கு. போட்டோ எடுப்பாங்க..."

டாக்டர் வடிவின் பக்கம் திரும்பிக்கொண்டார். "அடுத்த தடவை நீங்க உங்க பொண்ணோட மட்டும் வாங்கம்மா" என்றார்.

முதல் மருந்து ஏற்றும் நாள். வடிவும் ப்ரியாவும் அழைப்புக்குக் காத்திருந்தார்கள். அண்ணாச்சி வராந்தாவின் கோடியில் நின்று ஒரு பொய்யைத் தேய்த்துப் பளபளப்பாக்கிக்கொண்டிருந்தார். சம்பந்தி வீட்டுக்குச் சொல்லியாக வேண்டும். உண்மையைச் சொல்ல முடியாது. நிறைய யோசித்துக் கர்ப்பப்பை என்று முடிவு செய்தார். கர்ப்பப்பை மரியாதையான உறுப்பு. அதை எடுத்தாயிற்று என்று கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்துகூடச் சொல்லலாம், பாயசம் கைமாறும். எல்லார் வீட்டிலும் அத்தை, சித்தி யாராவது எடுத்திருப்பார்கள். வெளியே தெரியாத சமாச்சாரம், ஆகவே வாய்க்கு வரலாம்.

அருணகிரிக்குப் போன் போட்டார்.

"அண்ணாச்சி, வீட்ல கொஞ்சம் சொகமில்ல. கர்ப்பப்பையில சின்னப் பிரச்சனை. அடையாறுல காட்டிட்டு இருக்கோம்."

"கர்ப்பப்பையா?"

"கர்ப்பப்பைதான்."

"எந்த டாக்டரு?"

அண்ணாச்சி பெயரைச் சொன்னார். அந்தப் பக்கம் அருணகிரி குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"கைராசிக்கார டாக்டரு அண்ணாச்சி. எங்க வீட்லயும் அவருதான் பாத்தாரு, ராகேஷ் காலேஜ் படிக்கையில. அவளுக்கும்... கர்ப்பப்பைதான்."

"அப்படியா? சொல்லவே இல்லையே!"

"கர்ப்பப்பைதானே, அதப் போயி என்னத்தச் சொல்ல?"

"இப்ப எப்படி இருக்காவ?"

"கல்லு மாதிரி இருக்கா. முடியெல்லாம் முன்னைக்கு இப்ப ஜோரா வளந்துட்டு."

"முடியா?"

"கர்ப்பப்பைக்கு மருந்து ஏத்துனா கொட்டும்லா. பயப்படாதிய, வந்துரும். ஆனா ஒண்ணு, ஆபரேஷன் பண்ணுன பக்கத்துக் கையில பிரஷர் பாக்க விடாதிய, ஊசி போட விடாதிய. கர்ப்பப்பை ஆபரேஷன்னா கை வீங்கும்."

"வீங்குமா அண்ணாச்சி?"

"நல்லா வீங்கும்."

இரண்டு பெரிய மனிதர்களும் கர்ப்பப்பையின் இடது கை வலது கை பற்றி முகம் கோணாமல் பேசி முடித்தார்கள். எந்த வீட்டுக்குத் தெரியக்கூடாது என்று வடிவின் கட்டியை அக்குள்வரை வளரவிட்டாரோ, அந்த வீட்டுக்கு அதே வியாதி எப்போதோ வந்துபோயிருந்தது. பெண் வீட்டார் எழுந்து போய்விடுவார்கள் என்ற பயத்தில் அருணகிரியும் மூடியே வைத்திருந்தார். இதற்கு அண்ணாச்சிக்கு அழுகை வந்திருக்கலாம், வெட்கம் வந்திருக்கலாம். அவருக்கு வந்தது நிம்மதி. ஏறக்குறையச் சிரித்த முகத்தோடு வடிவிடம் வந்தார்.

"சம்பந்திகிட்டப் பேசிட்டேன். ஒரு பிரச்சனையும் இல்ல. சம்பந்தியம்மாவுக்கும் கர்ப்பப்பையாம். இதே டாக்டர்தானாம். கை வீங்கும்னு சொன்னாரு, பாத்துக்கிடணும்."

வடிவு அவரை ஏற இறங்கப் பார்த்தாள். கோபம் வரும் என்று ப்ரியா எதிர்பார்த்தாள். வரவில்லை. வடிவு அவர் கையிலிருந்த போனை வாங்கி, ஆழ்வார்பேட்டை நம்பரைத் தானே போட்டு, சம்பந்தியம்மாவைக் கூப்பிடச் சொன்னாள்.

"மைனி, நான் வடிவு பேசுதேன். எனக்கு மார்புல கேன்சர். இன்னைக்கு மொத மருந்து ஏத்துதாவ. உங்களுக்கும் அதுதானே?"

"ஏளா, மெதுவா! நாலு பேரு..." என்று அண்ணாச்சி பதறினார்.

வடிவு முதுகைத் திருப்பிக்கொண்டு ஜன்னலோரம் போய்விட்டாள். அந்தப் பக்கம் முதலில் அழுகை போலிருக்கிறது, "அழாதிய மைனி, அழாதிய" என்றாள். பிறகு நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். வாந்தி வருமா, எத்தனை நாள் படுத்தீங்க, என்ன சாப்பிட்டீங்க, ராத்திரி பயமா இருந்துதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். நர்ஸ் பெயர் சொல்லிக் கூப்பிட்டபோதும் பேச்சு முடிந்திருக்கவில்லை. போனைக் காதில் வைத்தபடியே உள்ளே போனாள். ப்ரியா தண்ணீர் பாட்டிலோடு பின்னால் போனாள். கதவு சாத்திக்கொண்டது.

அண்ணாச்சி வடிவின் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தார். வரிசையாகக் கணவன்மார்கள், மடியில் வரிசையாகக் கைப்பைகள். தலைக்கு மேலே 'மார்பகச் சிகிச்சைப் பிரிவு' என்று பெரிய பலகை தொங்கிக்கொண்டிருந்தது.

பக்கத்திலிருந்தவர் மெல்ல விசாரித்தார். "சார் வீட்ல என்ன பிரச்சனை?"

அண்ணாச்சி தொண்டையைச் செருமிக்கொண்டார். "கர்ப்பப்பை."

"எங்க வீட்லயும் அதான் சார்" என்றார் அவர்.